நீலம், ஒரு தேக்கரண்டி

கிராண்ட் பைன், மினசோட்டா
24 நவம்பர் 1961

பன்னிரண்டு அடுப்புகளின் பெயரால் ஆணை பிறப்பிக்கும் அல்பினா அவர்களே! அந்த ஆணைக்குத் தலையாட்டிய நான்காம் தெருவின் பெண்மணிகளே!

கேளுங்கள். இந்தத் தெருவில் ஓர் அநீதி நடந்திருக்கிறது. வண்ணம் நாடு கடத்தப்பட்டிருக்கிறது. அதைக் கடத்தியவள் என் எதிர்வீட்டில் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

முந்தாநாள் அஞ்சற்காரர் ஆர்வில் உன் தாளை என் கையில் வைத்தார். உன் கதவுக்கும் என் கதவுக்கும் நாற்பது அடி. அந்த நாற்பது அடியைத் தாண்ட உன் தாள் அஞ்சலகம் வரை நடந்து, முதுகில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. "எதிர்வீடுதானேம்மா, ஒரு எட்டு வந்து குடுத்திருக்கலாமே அந்தம்மா?" என்றார். "அந்தம்மா இப்போ பெரிய இடம். நீங்க உங்க பையைப் பாருங்க" என்றேன்.

தாளைப் பிரித்தேன். "டிசம்பர் 16, சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என் வீட்டில் நடக்கும் பிஸ்கட் பரிமாற்றத்துக்கு வெள்ளை, பழுப்பு ஆகிய நிறங்கள் மட்டுமே ஏற்கப்படும். நிறம் கலந்த மாவோ பூச்சோ தூவலோ அனுமதிக்கப்படாது." கீழே உன் கையொப்பம், கோடு போட்டது போல நேராக.

அல்பினா, இந்த ஊரில் டிசம்பர் என்றால் என்ன? கூரை வெள்ளை. ஏரி வெள்ளை. சுரங்கத்திலிருந்து திரும்பும் ஆண்களின் சட்டை பழுப்பு. ஆறு மாதம் நம் கண் காண்பது இந்த இரண்டு நிறங்களைத்தான். அந்த ஆறு மாதத்தின் நடுவே ஒரே ஒரு பிற்பகல் நம்முடையது. பன்னிரண்டு பெண்கள் ஆளுக்குப் பன்னிரண்டு டஜன் சுட்டுக்கொண்டு வருகிறோம். ஒருத்தி பச்சை மரம். ஒருத்தி சிவப்பு மணி. பிலோமினா மூன்று நிறத்தில் அடுக்கு. நான் நீல விண்மீன். வீடு திரும்பும்போது ஒவ்வொருத்தி டப்பாவிலும் பன்னிரண்டு வகை, வகைக்கு ஒரு டஜன். மூடியைத் திறந்தால் சமையலறையே விழித்துக்கொள்ளும். அந்த ஒரு பிற்பகலையும் பனியால் மூடவா, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நீயும் நானும் இதைத் தொடங்கினோம்?

ஆணையைத் திரும்பப் பெறு. பெறாவிட்டால் அதே சனிக்கிழமை, அதே மூன்று மணிக்கு, கூட்டுறவுக் கடை மாடியில் என் பரிமாற்றம் தனியே நடக்கும். வண்ணத்தோடு நடக்கும்!

லெம்பி ஹர்யுலா

*

27 நவம்பர்

லெம்பி,

உன் சொற்பொழிவு கிடைத்தது. கைதட்ட ஆளில்லாததால் நானே ஒருமுறை தட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

நீ வேண்டுமென்றே மறந்ததை நான் நினைவுபடுத்துகிறேன். போன ஆண்டு பரிமாற்றம் முடிந்து மூன்று மணி நேரத்தில் சங்கக் கூடத்தில் பாட்டுக் கச்சேரி. நம் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் பாட்டுக் குழுவில் இருக்கிறோம். ஏழு பேரும் உன் நீல விண்மீனைத் தின்றுவிட்டு மேடை ஏறினோம். வாயைத் திறந்தோம். முன்வரிசைக் குழந்தைகள் கத்தின. சமையல் சோடாவால் துலக்கினாலும் போகாத நீலம். நாக்கு, ஈறு, பல், எல்லாம்.

மற்ற ஆறு பேரும் தப்பித்தார்கள். தனிப்பாட்டு எனக்கு. உச்ச சுரத்தில் நான் வாயை அகலத் திறந்த நொடியில் செய்தித்தாள்காரன் படம் பிடித்தான். அது கறுப்பு வெள்ளைப் படம், லெம்பி. கறுப்பு வெள்ளையில் கரும் நீலம் கறுப்பாகத்தான் விழும். மறுநாள் முதல் பக்கத்தில் நான் ஒரு பல்கூட இல்லாமல் பாடிக்கொண்டிருந்தேன். "நம் ஊரின் இனிய குரல்" என்று கீழே எழுதியிருந்தான்.

மருந்துக் கடையில் கேட்டார்கள்: "எப்போ கட்டினீங்க பல்லு? நல்லா பொருந்தியிருக்கே!" பல் செட் ஊற வைக்கும் மாத்திரை ஒரு பொட்டலம், அனுப்பியவர் பெயரில்லாமல் அஞ்சலில் வந்தது. என் கணவர் யோஷே சுரங்கத்துக்குள் இறங்கினால் இன்றும் கேட்கிறார்களாம்: "உங்க வீட்டுல கஞ்சிதானாமே?"

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். முன்வரிசையில் உட்கார்ந்து நீ சிரித்தாயே, அதைப் பொறுக்க முடியவில்லை.

உனக்கு அளவு என்பதே கிடையாது. பேச்சிலும் கிடையாது, கரண்டியிலும் கிடையாது. கை போன போக்கில் கொட்டுகிறவள் நீ. உன் கையைக் கட்ட முடியாததால் நிறத்தைக் கட்டினேன். ஆணை நிற்கும்.

அல்பினா ஸாலர்

*

30 நவம்பர்

எதிர்வீட்டு அம்மையாருக்கு,

நீ என்மேல் சாட்டிய குற்றங்கள் இரண்டு. ஒன்றை ஏற்கிறேன். மற்றதை எதிர்க்கிறேன்.

சிரித்தேன். ஆம், சிரித்தேன். ஏழு நீல வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தால் கல்லும் சிரிக்கும். என் கணவர் வைனோ, ஆண்டுக்கு இருமுறை மட்டுமே சிரிக்கும் மனிதர், இரண்டையும் அன்றே செலவழித்துவிட்டார். ஆனால் நீ தனியே பாட முன்னே வந்தபோது என் சிரிப்பு நின்றுவிட்டது. அதை நீ பார்க்கவில்லை. அப்போது நீ கூரையைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாய். அந்தப் பாட்டில் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை என்பதை இந்த ஊரில் ஒருவராவது உன்னிடம் சொன்னார்களா? நான் சொல்ல உன் படியேறி வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை.

இனி இரண்டாவது. அளவில்லாமல் கொட்டினேன் என்கிறாய். பொய்! நான் அளந்தேன். ஒரு தேக்கரண்டி. அட்டையில் எழுதியபடி, எழுத்துப் பிசகாமல் ஒரு தேக்கரண்டி.

அந்த அட்டை எங்கே என்று கேட்கிறாயா? நீயே வகுத்த மூன்றாம் விதியை எடுத்துப் படி. "எந்தச் செய்முறை அட்டையைப் பார்த்துச் சுட்டாளோ, அந்த அட்டையை ஒவ்வொருத்தியும் விழாவன்று ஒப்படைக்க வேண்டும், மறு ஆண்டு திருப்பித் தரப்படும்." ஒப்படைத்தேன். உன் சிவப்புத் தகர டப்பாவில்தான் பதினொரு மாதங்களாக உறங்குகிறது. தீர்ப்பு எழுதினாய், சான்றைப் பார்த்தாயா?

அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

பிலோமினா என் பக்கம் வந்துவிட்டாள். அவளுடைய தங்கைகள் இருவரும் வந்துவிட்டார்கள். "மூணு நிறத்துல ஒண்ண எடுத்தா அது எங்க ஊரு அடுக்கே இல்லடி, வெறும் ரொட்டி" என்று மேசையைக் குத்தினாள். இப்போது நாங்கள் நால்வர்.

லெம்பி

*

4 டிசம்பர்

லெம்பி,

நால்வர் போனால் எண்மர். எனக்கு எண்ணத் தெரியும்.

நேற்று வெள்ளை, பழுப்பு மாதிரிகளைச் சுட்டுப் பார்த்தேன். வாதுமைப் பிறை, பட்டை வட்டம், பொடித்த சர்க்கரையில் புரட்டிய உருண்டை. ருசியில் ஒரு குறையும் இல்லை. தட்டில் அடுக்கி யோஷே முன்னால் வைத்தேன். வெகு நேரம் பார்த்தார்.

"என்ன பாக்கறீங்க?"

"என் கோட்டுல ஒரு பட்டன் போச்சு. இதுல எது பொருந்தும்னு பாக்கறேன்."

நேற்றிலிருந்து அவரோடும் பேசவில்லை. இந்தக் கணக்கில் போனால் கிறிஸ்துமசுக்குள் நான் பேச ஆர்விலைத் தவிர ஆளிருக்காது.

பிலோமினாவைக் கூட்டுறவுக் கடையில் பார்த்தேன். உப்பு எடுக்கப் போனவள், என்னைக் கண்டதும் சிவப்புத் தூவல் இரண்டு புட்டி, பச்சை இரண்டு புட்டி எடுத்துக் கூடையில் போட்டாள். "என்ன அல்பினா, நீ மாவும் மாவுமா வாங்கிட்டு இருக்க? வெள்ளையடிக்கப் போறியா?" என்றாள். கடையே சிரித்தது.

உன் அட்டையை நான் எடுத்துப் பார்க்கவில்லை. சிவப்பு டப்பா பரணில், மரத்துக்குக் கட்டும் அலங்காரப் பெட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. உன் கையெழுத்தில் என்ன இருக்கும்? "கொஞ்சம் நீலம், பிறகு இன்னும் கொஞ்சம்" என்றுதானே இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எல்லார் டப்பாக்களுக்கும் அட்டைத் தடுப்புகளை வழக்கம்போல் வெட்டி வைத்துவிட்டேன், பன்னிரண்டு அறைகளாக. கை பழகிவிட்டது. எட்டு வகைதான் வரும் என்பது வெட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. நான்கு அறைகளை வெறுமையாக வைத்து அனுப்பினால், டப்பாவைத் திறக்கிற குழந்தைகள் கேட்காதா? என்ன சொல்வேன்? சாலைக்கு அந்தப் பக்கம் கேள் என்பேனா?

இதைத்தான் நீ விரும்புகிறாயா? இரண்டு பரிமாற்றம், இரண்டிலும் ஓட்டை டப்பாக்கள்?

பதில் எழுது.

அ.

*

9 டிசம்பர்

லெம்பி,

ஐந்து நாளாக உன் பதில் இல்லை. ஆர்விலை வாசலில் நிறுத்திக் கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா. அந்தம்மா பேசாம இருக்காங்கன்னா எனக்கே பயமா இருக்கு" என்றார்.

அதனால் பரணேறினேன். சான்று தேடி ஏறவில்லை. அலங்காரப் பெட்டி எடுக்கத்தான் ஏறினேன். சிவப்பு டப்பா கையில் தட்டியது. ஏணியின் மேல்படியிலேயே உட்கார்ந்து திறந்தேன்.

பன்னிரண்டு அட்டைகளில் உன்னுடையது ஒன்பதாவது. ஓரம் வெண்ணெய் பட்டுக் கண்ணாடி போலாகிவிட்டது. உன் கையெழுத்தைத் தேடினேன். அதில் உன் கையெழுத்தே இல்லை.

பச்சை மை. கோடு போட்டது போல நேரான எழுத்து. "விண்மீன் பிஸ்கட். லெம்பிக்கு. டிசம்பர் 1949." வெண்ணெய் இவ்வளவு, வாதுமைப் பொடி இவ்வளவு. கடைசி வரி: "நீலம், ஒரு தேக்கரண்டி நிறைய. குறைத்துவிடாதே, குறைத்தால் நிறம் பிடிக்காது."

நான் எழுதியது. நான், என் கையால்.

நாற்பத்தொன்பதில் கடையில் கிடைத்த நீலம் எது என்று நினைவிருக்கிறதா? சிறு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் போல ஒன்று. கரண்டி நிறைய ஊற்றினாலும் விடியற்கால வானம் போல மங்கலாகத்தான் வரும். அதற்குத்தான் அந்த அளவு. நேற்று கூட்டுறவுக் கடைக்குப் போய், இப்போது என்ன விற்கிறார்கள் என்று பார்த்தேன். குட்டிச் சாடியில் களிம்பு போல நீலம். பழைய புட்டி போன ஆண்டிலிருந்து வருவதில்லையாம். "ஒரு தேக்கரண்டி போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் பல்லைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

நேற்று மாலை என் பக்கம் இருந்த ஏழு பேரையும் வீட்டுக்கு அழைத்தேன். அட்டையை எழுந்து நின்று படித்தேன், தேதி முதல் கடைசி வரி வரை. என் குரல் கச்சேரியில்கூட அப்படி நடுங்கியதில்லை. படித்து முடித்ததும் யோஷே சமையலறையிலிருந்து, "அப்போ அந்தப் பல் மாத்திரைக்கு நீயே ஒரு நன்றிக் கடிதம் எழுதிக்கோ!" என்று கத்தினார். வீடே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். பதினொரு மாதத்தில் முதல்முறையாக அந்தப் படத்தை எடுத்துப் பார்த்துச் சிரித்தேன்.

ஆணை கிழித்தெறியப்பட்டது. ஏழு பேரும் சாட்சி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உனக்கு இது தெரிந்திருந்தது. "அட்டையில் எழுதியபடி" என்றாயே தவிர, யார் எழுதியது என்று சொல்லவில்லை. பதினொரு மாதமாகத் தெருவே உன்னைத் தூற்றியது. நானும் முன்னால் நின்று தூற்றினேன். மேடையேறினால் மூன்று மணி நேரம் பேசுகிறவள், ஒரே ஒரு வரியை ஏனடி சொல்லாமல் விட்டாய்?

அல்பினா

*

12 டிசம்பர்

அல்பினா,

சொல்கிறேன்.

அன்று கச்சேரி முடிந்ததும் மேலங்கிகள் மாட்டும் அறைக்குள் உன்னைத் தேடி வந்தேன். நீ சன்னலோரம் நின்று, கைப்பிடிப் பனியை அள்ளிப் பல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாய். அழுதுகொண்டே தேய்த்தாய். அந்த நேரத்தில் வந்து, "அல்பினா, அளவு உன்னுடையது" என்று சொல்லவா? ஊர் முன் நின்று பல்லை இழந்தவளிடமிருந்து அளவையும் பறிக்கவா? உன்னிடம் என்ன குறை இருந்தாலும், உன் அளவில் குறை இருந்ததில்லை என்பதுதானே உன் பெருமை. வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். இந்த வாய் விழுங்கிய சொல் அது ஒன்றுதான். வைனோவைக் கேட்டுப் பார்.

அன்று விழுங்கியதை மறுநாள் எப்படிக் கக்குவது? நீ கதவைத் திறக்கவில்லை. பிறகு எனக்கும் வீம்பு வந்துவிட்டது. பழியைச் சுமப்பேன், பொறுப்பேன் என்றிருந்தேன். ஆனால் என் பழிக்காகப் பதினொரு பெண்களின் பச்சையையும் சிவப்பையும் நீ பறித்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் முழங்கினேன். என்னைத் திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இதை யாரிடமும் படித்துக் காட்டாதே. அந்தக் குட்டிச் சாடியின் மேல் எழுதியிருந்தது: "ஊசிமுனை அளவு போதும்." படித்தேன், அல்பினா. தெளிவாகப் படித்தேன். வலக் கையில் சாடி, இடக் கையில் உன் அட்டை. வைனோ எட்டிப் பார்த்து, "சாடில ஒண்ணு போட்டிருக்கான், அட்டைல ஒண்ணு போட்டிருக்கு. எதைக் கேக்கப் போற?" என்றார். "சாடிக்காரனை எனக்குத் தெரியுமா? அல்பினாவத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கரண்டி நிறைய அள்ளிப் போட்டேன்.

ஐந்து நாள் நான் எழுதாததற்குக் காரணம் உன் பன்னிரண்டு அறைகள். அதைப் படித்த பிறகு பிலோமினாவிடம் மாடி விழா இல்லை என்று சொல்லிவிட்டேன். "அப்பாடா! ரெண்டு பக்கமும் சுட்டுக் குடுக்கணுமோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றாள்.

நான் வருகிறேன். இப்போது சொல், மாவு பிசைந்து வைத்துவிட்டேன். எவ்வளவு நீலம்?

லெம்பி

*

14 டிசம்பர்

என் லெம்பி,

இத்துடன் புது அட்டை. பச்சை மைதான். "விண்மீன் பிஸ்கட். லெம்பிக்கு. டிசம்பர் 1961. நீலம், ஊசிமுனை அளவு."

அட்டையைத் திருப்பிப் பார். பின்பக்கம் இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்த ஆண்டு மட்டும், ஒரு தேக்கரண்டி நிறைய. குறைத்துவிடாதே."

கை தவறி எழுதியதில்லை. சனிக்கிழமை கச்சேரிக்கு அதே செய்தித்தாள்காரன் வருகிறான். கேட்டு உறுதி செய்துவிட்டேன். "இந்தத் தடவ வாய மூடிட்டு நில்லுங்கம்மா, நல்லா எடுத்துத் தரேன்" என்றான் பாவம். மூடமாட்டேன். ஐந்தரை மணிக்கு என் வீட்டிலிருந்து கிளம்புமுன் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு நீல விண்மீனைத் தின்றாக வேண்டும். புதிய நான்காம் விதி. எட்டுப் பேர் ஒப்புக்கொண்டாயிற்று. பிலோமினா இரண்டு தின்பாளாம்.

நீயும் மேடை ஏறுகிறாய். உனக்குப் பாட வராது என்பது ஊருக்கே தெரியும். வாயை மட்டும் திற. சத்தம் வேண்டாம். உன் வாழ்நாளில் ஒருமுறை செய்து காட்டு.

ஞாயிற்றுக்கிழமைத் தாளில் நான் மட்டும் பொக்கை வாயாக இருக்கமாட்டேன். பன்னிரண்டு பேரும் இருப்போம்.

அல்பினா

*

16 டிசம்பர், மூன்று மணி

அல்பினா ஸாலரே!

ஆர்வில் இல்லாமல், முத்திரை இல்லாமல், நாற்பது அடியை என் சொந்தக் காலால் கடந்து, இந்தத் தாள் உன் கதவின் கீழே நுழைகிறது. வீட்டிலேயே எழுதிக் காலணி நுனியில் செருகிக்கொண்டு வந்தேன். காலால்தான் தள்ளினேன். காரணம், இரண்டு கைகளிலும் தட்டுகள். பன்னிரண்டு டஜன் விண்மீன்கள், அட்டையின் பின்பக்கத்தில் உள்ளபடி, கரண்டி நிறைய. எனக்குப் பின்னால் வைனோ நிற்கிறார், அவர் பின்னால் பிலோமினாவும் தங்கைகளும். உள்ளே நீங்கள் எல்லோரும் சிரிக்கும் சத்தத்தில் நான் காலால் உதைக்கும் ஓசை உங்களுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். அதற்காகவே இதை எழுதி எடுத்துவந்தேன்.

எழுதியது போதும்! ஓர் ஆண்டு போதும்! பனி கொட்டுகிறது. இன்னும் ஒரு நிமிடம் தாமதித்தால் பூச்சு கரையும். கரைந்தால் உன் வெள்ளைப் படிக்கட்டு கோடை வரும்வரை நீலமாகவே நிற்கும்.

கையைத் துடை. திரைச்சீலையை விலக்கு. வாயைத் திற. கதவைத் திறடி, இப்போதே!